தரைக்குக் கீழே உள்ள வெளி: காற்று, நாற்றம், குடியிருப்பு

வீடு பற்றி எழுதிய தத்துவவாதிகள் பெரும்பாலும் இரண்டு இடங்களைத்தான் விரும்பியிருக்கிறார்கள். ஒன்று கூரையடிப் பரண், மற்றது நிலவறை. காஸ்தோன் பாஷ்லார் 1957-இல் வெளியிட்ட வெளியின் கவித்துவம் பற்றிய நூலில் வீட்டைச் செங்குத்தான ஒரு இருப்பாகக் கண்டார். மேலே பரணில் தெளிவும் பகுத்தறிவும், கீழே நிலவறையில் இருளும் பகுத்தறிவுக்கு அகப்படாததும் என்று பிரித்து வைத்தார். பாரிஸ் நகரத்து மாடிக் குடியிருப்புகளில் நிலவறை இல்லை, ஆகவே அங்கே கனவும் இல்லை என்று அவருக்கு ஒரு மனக்குறைகூட இருந்தது. நல்லது. ஆனால் நிலவறையும் இல்லாமல், மண்மேல் நேரே குந்தியிருக்கவும் செய்யாமல், நடுவில் தொங்கும் வீடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் விக்ரோறிய, எட்வேர்டிய காலத்து வரிசை வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. கீழ்த்தளத்துப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் முழங்கால் உயரம், சில வேளை அதுவும் இல்லாத ஒரு இருட்டு. அதற்கு ஒரு பெயர்கூடச் சரியாகக் கிடையாது. ‘வெற்றிடம்’ என்று கட்டடக்காரர்கள் சொல்வார்கள். இந்த வெற்றிடம் எப்படி வரலாற்றுக்குள் வந்தது, அதற்குள் காற்றுப் போக வேண்டும் என்று யார், ஏன் தீர்மானித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

எங்கட ஊர்ப் பக்கத்தில் தரை என்றால் தரைதான். மண்ணை இடித்து இறுக்கி, சாணியால் மெழுகி, வசதி வந்தபின் சீமெந்து போட்டு எழுப்பியது. தரைக்குக் கீழே பூமி. அதற்குமேல் கேள்வி இல்லை. லண்டனில் வந்து இறங்கிய எங்களில் பலருக்கு, நடக்கும்போது ‘தொம் தொம்’ என்று சத்தம் போடுகிற தரை ஒரு சின்ன அதிர்ச்சி. “இதென்ன, பெட்டிக்கு மேலையே படுக்கிறம்?” என்று என்னோடு அறை பகிர்ந்த ஒருவர் முதல் இரவே கேட்டார். பெட்டிதான்.

அந்தப் பெட்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் வாதத்துக்கு அது வேண்டும். வெளிச்சுவர்கள் மண்ணுக்குள் இறங்குகின்றன. உள்ளே, மண்மேல், குட்டையான சில சுவர்கள். இவை கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுத் தேன்கூடு மாதிரிக் கட்டப்பட்டவை. அந்தச் சுவர்களின் தலையில் ஒரு மரச்சட்டம், சட்டத்தின்மேல் குறுக்கே தீராந்திகள், தீராந்திகளின்மேல் பலகை. மண்ணிலிருந்து ஈரம் ஓயாமல் ஆவியாக எழும்பிக்கொண்டிருக்கும். அது வெளியேறாவிட்டால் மரத்தில் ஊறும். ஆகவே வீட்டின் முன்சுவரிலும் பின்சுவரிலும் தரைமட்டத்துக்குச் சற்று மேலே துளையுள்ள கற்களை வைத்தார்கள். எயார் பிறிக் என்பது அதுதான், நாம் காற்றுக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம். முன்பக்கம் காற்று மோதும், பின்பக்கம் இழுக்கும், நடுவில் உள்ள தேன்கூட்டுச் சுவர்களினூடாக ஈரக் காற்று நகர்ந்து போய்விடும். விசிறி இல்லை, விசை இல்லை, செலவு இல்லை. இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கத்தைத் திறந்து வைத்தும் பெரிய பலனில்லை.

இவ்வளவு எளிமையான ஒரு பொறி. ஆனால் இது வீட்டுக்குள் பிறந்ததல்ல, கப்பலிலும் சிறையிலும் பிறந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மரமும் ஈரமும் அடைபட்ட காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஆங்கிலேயர் முதலில் பெரிய அளவில் கற்றுக்கொண்டது கடற்படையில். சாமுவேல் பீப்ஸ் 1684-இல் சதாம் துறையில் புதிய போர்க்கப்பல்களைப் பார்வையிட்டபோது, கடலுக்குப் போகாமலே அவை உக்கிக்கிடந்ததையும், அடித்தட்டுகளில் தன் கைமுஷ்டி அளவு காளான்கள் முளைத்திருந்ததையும் பதிவு செய்தார். கப்பலைத் துப்புரவாக்கவில்லை, காற்றாட விடவில்லை என்பது அவர் கண்ட காரணம். பாடம் படித்தார்களா என்றால் இல்லை. 1810-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட ‘குயீன் சார்லட்’ என்ற பெருங்கப்பல் சேவைக்குப் போகுமுன்பே அழுகத் தொடங்கியது. 1812-இல் தாவர ஓவியரான ஜேம்ஸ் சவர்பியை அழைத்து, அதற்குள் என்னென்ன காளான் முளைத்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரு பேரரசின் போர்க்கப்பலுக்குள் பூப்படம் வரைபவரைக் கூட்டிப்போக வேண்டி வந்த காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் இடையில் வருகிறவர் ஸ்டீபன் ஹேல்ஸ். டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார், தாவரங்களின் சாறு எப்படி ஏறுகிறது என்று அளந்த விஞ்ஞானி. 1743-இல் காற்றியக்கிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். பெரிய துருத்திகள், அவ்வளவுதான். அடைபட்ட காற்றை வெளியே இழுத்து நல்ல காற்றை உள்ளே தள்ளும். இவை கப்பல்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பொருத்தப்பட்டன. 1752-இல் லண்டன் நியூகேற் சிறையின் கூரையில் காற்றாடி ஒன்று அதை ஓட்டியது. நியூகேற்றில் கைதிகள் சிறைக் காய்ச்சலால் தலைமுறை தலைமுறையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் காற்றாடி வரவில்லை. 1750 வசந்தத்தில் பக்கத்திலிருந்த ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குள் அந்தக் காய்ச்சல் புகுந்து, நகர மேயரும் நீதிபதிகளும் உட்பட 50 பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் வந்தது. அடிமைக் கப்பல்களிலும் ஹேல்சின் துருத்திகள் போயின. கீழ்த்தட்டில் சங்கிலியிட்டு அடுக்கப்பட்ட மனிதர்களில் குறைவானவர்கள் சாகிறார்கள், சரக்குச் சேதம் குறைகிறது என்று கப்பல் தலைவர்கள் அவருக்கு நன்றி எழுதினார்கள். ஹேல்ஸ் கொடியவரல்ல, இரக்கமுள்ள மனிதர் என்றே படுகிறது. காற்று பற்றிய அறிவும் இரக்கமும் கணக்குப் புத்தகமும் ஒரே மேசையில் இருந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

மிஷேல் ஃபூக்கோ 1974-இல் றியோ டி ஜெனீரோவில் ஆற்றிய உரைகளில் ஒன்று சமூக மருத்துவத்தின் பிறப்பைப் பற்றியது. 18-ஆம் நூற்றாண்டின் நகர மருத்துவம் உடல்களை நோக்கியதைவிட, நகருக்குள் காற்றும் நீரும் எப்படி ஓடுகின்றன என்பதையே நோக்கியது என்று அதில் காட்டினார். ஓட்டம் நல்லது, தேக்கம் கெட்டது. இறைச்சிக்கூடம், சவக்காலை, நெருக்கமான சந்து ஆகியவை தேக்கங்கள், ஆகவே அவை ஆபத்துகள். இந்தச் சொல்லாடல் இங்கிலாந்தில் எட்வின் சட்விக்கின் கையில் அரச நிர்வாகமாக மாறியது. உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அவருடைய அறிக்கை 1842-இல் வந்தது. நோய் என்பது அழுகலிலிருந்து எழும் நச்சாவி என்பதே அவருடைய உறுதியான நம்பிக்கை, அவருக்கு நாற்றமும் நோயும் ஏறக்குறைய ஒன்று. 1854-இல் ஜோன் ஸ்னோ, கொலறா தண்ணீரால் வருகிறது என்று சோஹோ பகுதியின் ஒரு நீர்க்குழாயை வைத்துக் காட்டிய பிறகும் நாற்றக் கோட்பாடு சாகவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி நாடாளுமன்றத்தின் திரைச்சீலை வரை ஏறியபோதுதான் லண்டனுக்குப் பெரும் சாக்கடைகள் கட்டப் பணம் கிடைத்தது.

1875-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1877-இல் அதன்கீழ் உள்ளூராட்சிகளுக்கென்று மாதிரித் துணைவிதிகள் வெளியிடப்பட்டன. தெருவின் அகலம், பின்முற்றம், சுவருக்குள் ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு என்று அவை வகுத்தவற்றோடு ஒரு விதி, பலகைத் தரை போட்டால் தீராந்திக்குக் கீழே வெளி விட வேண்டும், அந்த வெளிக்குக் காற்றுக்கற்களால் காற்றோட்டம் கொடுக்க வேண்டும் என்றது. தரைக்குக் கீழே உள்ள காற்று இந்த விதிகளால்தான் ஊர் ஊராக அரசின் விஷயமாயிற்று. ஏன் அந்த அக்கறை? மரம் உக்காமல் இருக்க என்று ஒரு தச்சன் சொல்வான். ஆனால் சட்டம் சுகாதாரச் சட்டம், தச்சுச் சட்டமல்ல. மியூனிக்கில் மாக்ஸ் ஃபொன் பெற்றன்கோஃபர் என்பவர், மண்ணுக்குள்ளும் காற்று உண்டு, சூடான வீடு ஒரு புகைபோக்கி மாதிரி அதை உள்ளே உறிஞ்சுகிறது, கொலறாவுக்கு மண்ணின் நிலை பொறுப்பு என்று சொல்லி வந்த காலம் அது. (கிருமி மட்டும் போதாது என்று நிரூபிக்க 1892-இல், எழுபது வயது தாண்டிய பிறகு, கொலறாக் கிருமிக் கரைசலைக் குடித்தவர் இவர். சாகவில்லை.) நிலத்தடிக் காற்றுக்கு அஞ்சிய இந்தக் காலத்தின் அச்சம் விதிக்குள் இருக்கிறது என்பது என் வாசிப்பு. கோட்பாடு பிழை. ஓட்டை சரி. பிழையான அறிதல்முறை ஒன்று சுவரில் ஒரு சரியான ஓட்டையைப் போட்டுவிட்டது. அதிலும் வேடிக்கை, பெற்றன்கோஃபரின் நிலத்தடிக் காற்று நம் காலத்தில் றேடன் வாயுவாகத் திரும்ப வந்திருக்கிறது. கோர்ண்வோல் போன்ற இடங்களில் அதை வெளியேற்றத் தரைக்கடிக் காற்றோட்டம் ஒரு வழி.

ஆனால் ஓட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரிப் போடப்படவில்லை. நான் இருக்கும் ஈஸ்ற் ஹாமைப் பாருங்கள். 1844-இன் பெருநகரக் கட்டடச் சட்டம் நாற்றத் தொழில்களை லண்டனுக்குள் கட்டுப்படுத்தியது. அவை லீ நதியைத் தாண்டினால் சட்டம் எட்டாது. ஆகவே எலும்பு வேகவைப்பவர்களும் சவர்க்காரக்காரரும் இரசாயனக்காரரும் நதியைத் தாண்டி வெஸ்ற் ஹாமின் சதுப்புக்கு வந்தார்கள். காற்றுப் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் நாற்றம் நகருக்குள் திரும்பிப் போகாது என்ற வசதியும் உண்டு. 1858-இன் நாற்றத்துக்குத் தீர்வாக பசல்ஜெற் கட்டிய வடக்குச் சாக்கடையும், லண்டனின் வடபாதி மலத்தையெல்லாம் சுமந்துகொண்டு இந்த வழியாகத்தான் பெக்ரனுக்குப் போகிறது. நாற்றத்தை ஒழிப்பது என்று சொன்னார்களே தவிர, கிழக்கே தள்ளினார்கள் என்பதுதான் சரி. பிறகு அந்த ஈரமான, மலிவான மண்ணின்மேல் 1880-களிலும் 90-களிலும் வரிசை வரிசையாகத் துணைவிதி வீடுகள் எழுந்தன. தரைப்பலகை பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த ஊசியிலை மரம். 1866-இல் மர இறக்குமதி வரி முற்றாக நீங்கியபின் அது மலிவு. எனது வீட்டில் முன்பக்கம் இரண்டு காற்றுக்கல் இருக்கின்றன. நடைபாதையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் ஒன்றின் பாதி புதைந்துவிட்டது.

இனி அந்தக் காளான். ‘ட்றை றொட்’ என்பார்கள், உலர் உக்கல். பெயர் பொய். உலர்ந்த மரத்தில் அது வராது, மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். உக்கிய பிறகு மரம் காய்ந்து, கருகியது போலக் கட்டம் கட்டமாக வெடித்துக் கிடப்பதால் அந்தப் பெயர். மரத்தின் செலுலோசைத் தின்று லிக்னினை விட்டுவைக்கும். கயிறு மாதிரியான இழைகளைச் செங்கல்லுக்கும் சாந்துக்கும் ஊடாக அனுப்பி அடுத்த மரத்தைத் தேடும். தான் சுரக்கும் ஒட்சாலிக் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால் பழைய வீட்டுச் சாந்து அதற்கு உவப்பு. அசையாத காற்றும் 20 பாகை அளவு வெப்பமும் பிடிக்கும். 40 பாகை தாண்டினால் செத்துவிடும். உடலில் நீர்த்துளிகள் கசிந்து நிற்பதால் விஞ்ஞானப் பெயரில் ‘அழுகிறது’ என்ற பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. வீட்டில் செந்துருத் தூசி படிந்தால் அது எங்கேயோ பழுத்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. இந்தக் காளான் இமயமலைக் காடுகளில் இயற்கையாக வளர்கிறது, காலனிய மரத்தோடு இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது என்று. இமயத்தில் அது வளர்வது உண்மை, ஹிமாசலத்தின் நார்கண்டாப் பக்கத்தில் கண்டிருக்கிறார்கள். கதையின் மறுபாதிதான் இடிக்கிறது. வூல்ஃபென் என்ற ஒஸ்ரியர் இதை 1781-இலேயே ஐரோப்பாவில் வைத்துப் பெயரிட்டுவிட்டார். கிழக்கிந்தியக் கம்பனி குமாவுன் பக்கத்து மலைக்காடுகளைப் பிடித்தது 1814-16 நேபாளப் போரின்போது. வராத மரத்தில் காளான் எப்படி வரும்? 2007-இல் வெளியான மரபணு ஆய்வொன்று அதன் பூர்வீகத்தை ஆசியப் பெருநிலத்தில் வைத்தது. ஆசியாவிலிருந்து பரவியது என்பது சரி, ‘இந்தியாவிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது’ என்ற கதை மட்டும் தனியாக நிற்கிறது. கொலறாவையும் ‘ஆசியக் கொலறா’ என்றுதான் அழைத்தார்கள். வீட்டின் அடியில் இருட்டில் வளர்வது கிழக்கிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் தாவரவியலுக்கு முன்பே இருந்தது.

எல்லாவற்றையும் ‘சொல்லாடல்’ என்று சொல்லிவிட்டு எழும்பிப்போவது நம் சிறுபத்திரிகைகளில் ஒரு பழக்கம். இந்த விஷயம் அதற்கு இடங்கொடுக்காது. கதை கட்டப்பட்டது, ஆனால் பலகை உண்மையாகவே உக்குகிறது. கால் உள்ளே போகும். ஆகவே பலகை ஏன் உக்கத் தொடங்கியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நூறு வருடங்களுக்கு மேல் உக்காமல் கிடந்த தரைகள் இவை. அவற்றைக் காத்தது காற்றுக்கல் மட்டுமல்ல. ஒவ்வொரு அறையிலும் நிலக்கரி அடுப்பு எரிந்தது. எரியும் அடுப்புக்குக் காற்று வேண்டும், புகைபோக்கி அதைப் பலகை இடுக்குகளினூடாகத் தரைக்குக் கீழிருந்து உறிஞ்சியது. வீடு மேலும் கீழுமாக மூச்சு விட்டது. குளிர்தான், கணுக்காலை வெட்டும் குளிர். பிறகு 1952 டிசெம்பரின் நச்சுப்பனி, 1956-இன் தூய காற்றுச் சட்டம். அது தேவையான சட்டம், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுப்புகள் போயின, புகைபோக்கிகள் அடைபட்டன, காஸ் வெப்பமூட்டி வந்தது, சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெற் வந்தது, இரட்டைக் கண்ணாடி யன்னல் வந்தது. பின்பக்கத்தில் குசினியை நீட்டிக் கட்டியபோது திடமான சீமெந்துத் தரையைப் போட்டுப் பின்காற்றுக்கற்களை மூடினார்கள். (சீமெந்துக்கு அடியால் ஒரு குழாயை விட்டு வெளிச்சுவர் வரை கொண்டுபோயிருந்தால் போதும். அதைச் செய்யாமல் விட்டவர்கள் நிறையப்பேர்.) முன்பக்கத்தை நடைபாதையும் பூப்பாத்தியும் புதைத்தன. இவ்வளவும் நடந்து முடிந்து, மூச்சடைத்துப்போன வீடுகள்தான் எங்களுக்கு வாடகைக்கு வந்தன.

80-களிலும் 90-களிலும் ஈஸ்ற் ஹாமிலும் மனோர் பார்க்கிலும் ஒரு வீட்டில் எட்டு, பத்துப் பேர் இருந்தோம். காசு போட்டால் ஓடும் காஸ் மீற்றர். பலகை இடுக்கால் குளிர் ஏறும். வெளியே இருந்த காற்றுக்கல்லைப் பழைய பத்திரிகையால், சில வீடுகளில் பழைய சாரத்தால், அடைத்தவர்களை எனக்குத் தெரியும். அறியாமை என்று சொல்ல மாட்டேன். இரவுக்கு ஐம்பது பென்ஸ் போடுவதா விடுவதா என்று கணக்குப் பார்ப்பவனுக்கு அந்த ஓட்டை காசு ஒழுகும் ஓட்டை. ஒரு வீட்டில் முன்னறைத் தரை தணிந்தபோது, வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் பலகையைத் தூக்கவில்லை. மூக்கைச் சுருக்கி, சுவரைத் தட்டி, “உங்கட ஆக்கள் கூடச் சமைக்கிறியள், அதுதான் ஈரம்” என்ற கருத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். சமைத்தால் நீராவி வரும், சுவரில் பூஞ்சணம் வரும், அது உண்மை. ஆனால் தீராந்தியின் சுவருக்குள் செருகிய நுனி உக்கியது குழம்பால் அல்ல.

சட்விக்கின் மூக்கு இன்னும் வேலையில் இருக்கிறது. கென்ற் பகுதியில் பல வீடுகள் வைத்திருந்த ஒருவர், கறி மணம் போகாது என்று சொல்லி இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களுக்கு வீடு கொடுக்க வேண்டாம் என்று முகவர்களுக்கு எழுதினார். 2017 நவம்பரில் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. 2020 டிசெம்பரில் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, குடியிருப்பின் பூஞ்சணத்தைத் தொடர்ந்து சுவாசித்ததால் இறந்தது. சூடான் குடும்பம். அது பலகைத் தரை வீடல்ல, பிற்காலத்துத் தொடர்மாடி. ஆனால் தர்க்கம் அதேதான். தகப்பன் 2017-இலிருந்து முறையிட்டார், வீட்டு நிறுவனம் அவர்களுடைய வாழ்க்கை முறையைக் காரணம் காட்டியது. அது வெறும் ஊகம் என்று பிறகு அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி காரணத்தை எழுதினார். வீடமைப்புக் குறைகேள் அதிகாரி 2021-லேயே, ஈரத்தை வாழ்க்கை முறையின் தலையில் போடுவதை நிறுத்துங்கள் என்று ஒரு அறிக்கை எழுதியிருந்தார். குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபரில் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. குறித்த காலத்துக்குள் ஈரத்தை ஆராய்ந்து திருத்த வேண்டும். எங்கள் ஆட்கள் அதிகமாக இருப்பது தனியார் வாடகை வீடுகளில்.

கட்டட விதி இன்றைக்குத் துல்லியமாகவே பேசுகிறது. தீராந்தியின் அடிக்கும் நிலத்துக்கும் நடுவே 150 மில்லிமீற்றர். சுவரின் நீளத்தில் மீற்றருக்கு 1500 சதுர மில்லிமீற்றர் திறப்பு, அல்லது தரையின் சதுர மீற்றருக்கு 500, இரண்டில் எது கூடவோ அது. பழைய களிமண் கல்லைவிட இப்போதைய பிளாஸ்ரிக் கல் பல மடங்கு காற்று விடும். தீராந்திகளுக்கு நடுவில் கம்பளியோ மரநாரோ வைத்துக் குளிரைத் தடுத்து, அதற்குக் கீழே காற்றை ஓட விடலாம், குளிருக்கும் உக்கலுக்கும் நடுவில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த அளவுகள் புதிதாகக் கட்டுவதற்கு. பழைய வீட்டை வாங்கவோ வாடகைக்கு விடவோ முன்னால் எழுதப்படும் ஆய்வறிக்கைகளில், தரைவிரிப்பு ஒட்டப்பட்டிருந்ததால் பலகைக்குக் கீழே பார்க்க முடியவில்லை என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அடுத்த பக்கத்தில், குடியிருப்பவர்கள் யன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஆலோசனை.